வெல்டிங் பட்டறை இரைச்சல்: மெஷினை மாற்றுவதா, வேலையை மாற்றுவதா?

இரண்டு வெல்டிங் மெஷின்களின் கேட்டலாக்கைப் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, டெசிபல் எண் குறைவாக இருந்ததைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பழைய டிரான்ஸ்பார்மர் செட்டுகள் போயின, புது இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் வந்தன. ஒரு வாரம் கழித்து மூத்த வெல்டர் ஒருவரிடம், "இப்ப சத்தம் பரவாயில்லையாண்ணே?" என்று கேட்டேன். "மெஷின் அமைதியாத்தான் இருக்கு தம்பி. நாங்கதான் இன்னமும் கத்திக் கத்திப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அன்று மாலை மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றினேன். மெஷினிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 66 டெசிபல். அதே மெஷினில் ராடு, அதாவது வெல்டிங் குச்சி, ஓட்டுகிறவரின் காதருகே 88. அடுத்த மேசையில் கிரைண்டரைத் தகட்டில் வைத்தவரின் காதருகே 100. இந்த மூன்றில் நாங்கள் காசு கொடுத்துக் குறைத்தது முதலாவதை.

டெசிபல் எண்கள் ஆளை ஏமாற்றும். 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. ஆனால் 10 கூடும்போது காதுக்கு என்னவோ சுமார் இரண்டு மடங்குச் சத்தம் போலத்தான் தோன்றும். உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்களைச் சிதைப்பது தோற்றமல்ல, ஆற்றல். அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. 66-க்கும் 100-க்கும் இடையே இருப்பது 34 டெசிபல், அதாவது ஆற்றலில் 2,500 மடங்கு. அந்த 66-ஐ 60 ஆக்கினாலும் பக்கத்தில் நிற்பவர் காதுக்குப் போகும் கணக்கில் தூசி அளவு மாற்றம்கூட இருக்காது.

அப்படியானால் மெஷினை ஒப்பிடுவதே வீணா என்றால், முழுக்க வீணில்லை. டிரான்ஸ்பார்மர் செட்டின் ரீங்காரம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் போல் இரண்டு மடங்கில் வரும்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 100 ஹெர்ட்ஸ். இரும்பு மையம் காந்தப்புலத்தில் நீண்டு சுருங்குவதால் எழும் ஒலி அது. நாள் முழுக்கக் கேட்டால் தலைவலி வரலாம். ஆனால் தாழ்ந்த ஒலிகளில் காது மந்தமாக இருப்பதால், காதின் போக்கைக் கணக்கில் எடுக்கும் ஏ-எடை அளவில் 100 ஹெர்ட்ஸுக்கு 19 டெசிபல் கழித்துத்தான் எழுதுவார்கள். இன்வெர்ட்டரின் மின்மாற்றியோ பெரும்பாலும் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்கிறது. அதில் நமக்குக் கேட்பது விசிறி மட்டும். சூடானால் மட்டும் ஓடும் விசிறி உள்ளதை வாங்கினால் சும்மா கிடக்கும் நேரத்தில் நிம்மதி. கேட்கும் திறனைக் காப்பாற்றும் கணக்கில் இதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

டீசல் எஞ்சினில் ஓடும் வெல்டிங் செட் மட்டும் விதிவிலக்கு. அங்கே மெஷினே பெரிய சத்தக்காரர். அதன் கேட்டலாக்கில்தான் பெரிய குழியும் இருக்கிறது. ஒருவர் '97 டெசிபல்' என்று ஒட்டியிருப்பார். இன்னொருவர் '7 மீட்டரில் 72 டெசிபல்' என்று அச்சடித்திருப்பார். இரண்டும் ஒரே இரைச்சலாக இருக்கலாம். முதலாவது ஒலித்திறன், மெஷின் மொத்தமாகக் கக்கும் ஒலி. இரண்டாவது ஒலியழுத்தம், குறிப்பிட்ட தூரத்தில் காதுக்கு எட்டுவது. திறந்தவெளியில் கெட்டித் தரையில் 97 ஒலித்திறன் கொண்ட செட், 7 மீட்டரில் 72-ஐ ஒட்டியும் 1 மீட்டரில் 89-ஐ ஒட்டியும் காட்டும். கேட்டலாக்கை ஒப்பிடும்போது எந்த அளவு, எத்தனை மீட்டர் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை அடித்துவிட்டு மேலே போங்கள். நல்ல கூண்டுள்ள செட்டை வாங்கி, கேபிளை நீட்டி, எஞ்சினைத் தள்ளி நிறுத்துவதுதான் இதில் நல்ல பேரம். வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் சும்மா குறைகிறது.

இனி ஆர்க்குக்கு, அதாவது உலோகத்தை உருக்கும் மின்பொறிக்கு, வருவோம். டிக், அதாவது ஆர்கான் வெல்டிங், பொதுவாக 75 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ராடு வெல்டிங் 85 முதல் 95. கம்பிச் சுருளைத் தானாக ஊட்டும், கோ-2 என்று பட்டறையில் அழைக்கப்படும் மிக் 95 முதல் 102. கையில் பிடிக்கும் பிளாஸ்மா கட்டிங் 98 முதல் 105. கேஸ் கட்டிங் 100 வரை போகும். கார்பன் ராடும் காற்றும் சேர்த்து உலோகத்தைத் தோண்டியெடுக்கும் கவுஜிங் 100 முதல் 115. வெல்டிங்கோடு ஒட்டிப் பிறந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிரைண்டிங் 95 முதல் 105, வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டுவது 105 வரை.

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் முடிவு எளிதாகத் தெரியும்: ராடை விட மிக் சத்தம், ஆகவே மிக் வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாளைப் பிரித்துக் கூட்டிப் பார்த்ததும் கணக்கு திரும்பிவிட்டது.

அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 கூடக்கூட நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 94-ல் 1 மணி, 100-ல் 15 நிமிடம், 103-ல் ஏழரை நிமிடம். 115-க்கு அரை நிமிடம்கூட இல்லை. அனுமதித்த நேரம் முழுவதையும் செலவழித்தால் அன்றைய கணக்கு 100 சதவீதம்.

ராடு வெல்டர் ஒருவரின் நாளை இதில் போட்டுப் பாருங்கள். 88-ல் 2 மணி நேரம் வெல்டிங்: 50 சதவீதம். 100-ல் 1 மணி நேரம் கிரைண்டிங்: 400. 103-ல் கால் மணி நேரம் ஸ்லாக் தட்டல்: 200. மீதி நாலே முக்கால் மணி நேரம் பட்டறையின் பொதுச் சத்தத்தில், 79 என்று வைப்போம்: 15. மொத்தம் 665. காதுக்குக் கொடுத்திருக்க வேண்டியதைப் போல் ஆறரை மடங்குக்கும் மேல். அதில் ஆர்க்கின் பங்கு வெறும் 50!

இப்போது ஒவ்வொரு யோசனையையும் இதே நாளில் பொருத்துவோம். ஆர்க்கின் சத்தம் எப்படியோ 3 டெசிபல் குறைந்தது என்றால் 665 என்பது 640 ஆகும். வெல்டர் அதை உணரக்கூட மாட்டார். கிரைண்டிங் நேரத்தைப் பாதியாக்கினால் 465. கிரைண்டிங்கின் சத்தத்தை 6 டெசிபல் இறக்க முடிந்தால் 365. ராடுக்குப் பதில் மிக் என்றால்? ஆர்க் 97-க்கு ஏறிவிடும். ஆனால் அதே வேலை 1 மணி நேரத்தில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 200. தட்டுவதற்கு ஸ்லாக்கே இல்லை: பூஜ்ஜியம். கிரைண்டிங் அரை மணி நேரமாகக் குறைகிறது: 200. பொதுச் சத்தத்துக்கு 20. மொத்தம் 420. அதிகச் சத்தம் போடும் மிக், நாளின் மொத்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டது. எட்டு மணி நேரச் சராசரியில் சொன்னால், 93-ல் இருந்த நாள் 91-க்கு வந்திருக்கிறது.

இந்த லாபம் தானாக வராது. சுத்த கார்பன் டை ஆக்சைடில் கண்டபடி ஸ்பாட்டர், அதாவது உருகிய உலோகத் துளி, பறக்கும்படி மிக் ஓட்டினால், அந்தக் குண்டுமணிகளைத் தேய்த்தெடுக்கவே கிரைண்டர் மறுபடி கைக்கு வரும். ஆர்கான் கலந்த கேஸ், சரியான வோல்டேஜ், ஸ்பாட்டர் ஒட்டாமல் இருக்க ஸ்பிரே என்று சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தும் பல்ஸ் மிக் ஸ்பாட்டரை நன்றாகக் குறைக்கும். பதிலுக்குப் பல்ஸின் அலைவெண்ணிலேயே ஒரு பாட்டு பாடும், சிலருக்கு அது சகிக்காது. ஏசி டிக்கிலும் அப்படித்தான்: அலுமினியத்துக்கு அலைவெண்ணை ஏற்ற ஏற்றக் கீச்சென்று குரல் மேலே போகும். வேலை இடம் கொடுத்தால் அலைவெண்ணைக் கொஞ்சம் இறக்கலாம். மெஷினில் வசதி இருந்தால் மென்மையான அலைவடிவத்துக்கு மாற்றலாம்.

எல்லாவற்றையும் டிக்குக்கு மாற்றிவிட்டால் நாளின் கணக்கு 130-ஐ ஒட்டி வந்துவிடும், பாஸுக்கு, அதாவது ஒரு வெல்ட் வரிக்கு, பிறகு வரும் கால் மணி நேரக் கிரைண்டிங்கைச் சேர்த்தாலும்கூட. காதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தடித்த தகட்டில் டிக் நத்தை வேகத்தில் நகரும். மெல்லிய ஸ்டெயின்லெஸ், குழாய்களின் அடியில் முதலில் போடும் ரூட் பாஸ் என்றால் தயங்காமல் டிக்; கனமான சட்டங்களுக்கு அது கனவு. அங்கே நீளமான நேர்ப் பாஸுகள் இருந்தால் சப்மெர்ஜ்டு ஆர்க்கைப் பாருங்கள். ஆர்க் ஃபிளக்ஸ் என்ற தூளுக்கு அடியில் புதைந்து எரிவதால் வெளிச்சமும் இல்லை, வெடிப்பும் இல்லை. மிச்சம் இருப்பது ஃபிளக்ஸை உறிஞ்சும் வேக்குவத்தின் சத்தம்தான்.

கவுஜிங்கை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 112 டெசிபலில் ஒரு நிமிடம் ஓட்டினாலே அன்றைய கணக்கு தீர்ந்துபோகும். பட்டறையில் இது ஒரு மணி நேரம் நடந்தால் வேறு எதைக் குறைத்தும் பயனில்லை. ஆகவே முதல் கேள்வி: எதற்காகக் கவுஜிங்? பாஸின் பின்பக்கத்தைத் தோண்டி மறுபடி வெல்ட் செய்வதற்கு என்றால், பின்னால் செராமிக் பட்டை ஒட்டி ஒரே பக்கத்திலிருந்து வெல்டிங்கை முடிக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். முடியுமானால் 110 டெசிபல் வேலை ஒன்று பட்டறையை விட்டே போய்விடும். ஓரங்களைச் சரிப்பதற்கு என்றால் பெவலிங் மெஷின் இருக்கிறது. கவுஜிங் தவிர்க்க முடியாதபோது அதைத் தனி அறைக்கோ, ஆள் குறைந்த ஷிஃப்டுக்கோ தள்ளுவது அடுத்த வழி.

பிளாஸ்மா கட்டிங்கில் ஒப்பீடு சுருக்கமானது. தண்ணீர் மேசையில் தகட்டை 50 முதல் 75 மில்லிமீட்டர் ஆழத்தில் மூழ்கடித்து வெட்டும், கணினி இயக்கும் சிஎன்சி அமைப்பு, சத்தம், புகை, வெளிச்சம் மூன்றையும் சேர்த்து அடக்கும். அலுமினியம் வெட்டுகிற இடமானால் மட்டும் தண்ணீர் மேசைக்கு முன் நன்றாக யோசியுங்கள். உருகிய அலுமினியத் துகள் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிடும். அது தகட்டுக்கு அடியில் தேங்கினால் வெடிக்கும்.

இப்போது கிரைண்டர். 665-ல் 400 அதனுடையது. கிரைண்டர் பெட்டியில் அச்சடித்த டெசிபலை நம்பி மாடல் தேர்ந்தெடுப்பது, வெல்டிங் மெஷினில் நாங்கள் செய்த அதே தவறு. கிரைண்டர்களோடு வரும் கையேட்டைப் புரட்டினால் பலவற்றில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: மெல்லிய, எளிதில் அதிரும் தகட்டில் தேய்த்தால் சத்தம் அறிவித்த அளவை விட 15 டெசிபல் வரை கூடலாம். ஏனென்றால் அங்கே கத்துவது கிரைண்டர் இல்லை, தகடு. பெரிய தகட்டை நாலு மூலையில் முட்டுக் கொடுத்துத் தேய்த்துப் பாருங்கள், கோயில் மணி போல முழங்கும். அதே தகட்டின் மேல், தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், கனமான ரப்பர் பாயைப் போட்டுவிட்டுத் தேயுங்கள். குரல் சட்டென்று தடிக்கும், நீளாது. காந்தப் பாய் என்றால் செங்குத்துத் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். இதுவரை நான் முயன்றதில் செலவழித்த காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுத்தது இந்தப் பாய்தான்.

வீலை மாற்றுவது அடுத்தது. கெட்டியான கிரைண்டிங் வீலுக்குப் பதில், உப்புத்தாள் மடல்களை அடுக்கிய பிளாப் டிஸ்க் போட்டால் பொதுவாகச் சத்தம் குறையும், துள்ளலும் குறையும். தேய்மானமும் செலவும் கூடும். கனமாக வெட்டியெடுக்க வேண்டிய இடத்தில் பிளாப் டிஸ்க்கை வைத்து அரைத்துக்கொண்டிருந்தால் நேரம் இரட்டிப்பாகும். 3 டெசிபல் லாபம் அதிலேயே கரைந்துவிடும். காற்றில் ஓடும் கிரைண்டர் என்றால் வெளியேறும் காற்றுக்கு சைலன்சர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இடத்தில் ஒன்றில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "அடைச்சுக்குது சார்" என்றார்கள். அடைத்துக்கொண்டது உண்மை. காற்றுக் குழாயில் தண்ணீர் வடிக்கவே ஆளில்லை.

இவற்றை எல்லாம் விட மேலானது கிரைண்டிங்கே தேவைப்படாத ஃபிட்டப், அதாவது வெல்டிங்குக்கு முன் துண்டுகளைப் பொருத்தும் விதம். இடைவெளி சரியாக இருந்தால் பாஸ் குண்டாகாது. குண்டாகாவிட்டால் தேய்க்க ஒன்றும் இல்லை. பெயின்டுக்குள் போகும் பாஸைக் கண்ணாடி போல் தேய்க்கச் சொல்வது யார், எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல சமயம் வரைபடத்தில் அப்படி ஒரு குறிப்பே இருக்காது. யாரோ ஒருவர் பழக்கத்தில் சொன்னது, வழக்கமாகிவிட்டிருக்கும்.

சுவருக்கும் கூரைக்கும் ஒலியுறிஞ்சும் பலகை அடிப்பது எனக்குச் சபலமாக இருந்த யோசனை. பார்க்க அழகாக இருக்கும், மேலிடத்துக்குக் காட்டவும் வசதி. ஆனால் வெல்டரின் தலை ஆர்க்கிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவர் காதுக்கு வருவது நேர்ச் சத்தம். சுவரில் பட்டுத் திரும்பி வருவது அதற்கு முன் ஒன்றுமில்லை. பலகை அவருக்கு உதவாது, பத்து மீட்டர் தள்ளி வேலை செய்யும் ஃபிட்டருக்கும் ஸ்டோரில் இருப்பவருக்கும் உதவும். தகரக் கூரை, சிமென்ட் தரை என்று எல்லாம் எதிரொலிக்கும் ஷெட்டில் ஒலியுறிஞ்சும் பரப்பை இரட்டிப்பாக்கினால் எதிரொலி 3 டெசிபல் குறையும். வெல்டிங் கூண்டுகளைச் சுற்றித் தொங்கும் சிவப்புத் திரையை ஒலித்தடுப்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வெளிச்சத்துக்கு. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், ஓட்டையில்லாமல் மூடவும் வேண்டும். ரோபோ கூண்டு இந்த இரண்டையும் கொடுப்பதோடு ஆளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. ஒரே மாதிரி வேலை ஆயிரக்கணக்கில் வருகிற இடத்துக்கு மட்டும் அது பொருந்தும்.

எந்த எல்லையை வைத்துத் தீர்மானிப்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. அமெரிக்காவில் சட்டமாக உள்ள, ஓஷா என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் எல்லை 90 டெசிபல், 5 கூடினால்தான் நேரம் பாதி. மேலே சொன்ன அதே 665 நாளை அந்த முறையில் கூட்டினால் 69 சதவீதம்தான் வருகிறது. 88-ல் ஓடிய ராடு கணக்கிலேயே சேராது. ஒரே காது, ஒரே நாள், ஒரு புத்தகத்தில் தேர்ச்சி, இன்னொன்றில் ஆறரை மடங்கு மீறல். ஓஷாவிலும் 85-லிருந்து தொடங்கும் நடவடிக்கை வரம்பு தனியாக உண்டு, இந்த நாள் அதைத் தாண்டிவிடும் என்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு உத்தரவு 80-லும் 85-லும் நடவடிக்கை கேட்கிறது, காதுக்கவசத்தைக் கழித்த பிறகு 87-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. சட்டத்துக்கு எது வேண்டுமோ அதை எழுதி வையுங்கள். வாங்கும் முடிவுக்கு 85-ம் 3-ம் உள்ள கணக்கைப் போடுங்கள், ஆற்றலோடு ஒத்துப்போவது அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நாள் 89, 90-ல் நிற்கும். ஆகவே காதுக்கவசம் கட்டாயம். பெட்டியில் 29 என்று போட்டிருந்தால் 29 குறையும் என்று எண்ண வேண்டாம். ஓஷா வழிமுறைப்படி 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, 11 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 90 என்பது 79 ஆகும்; போதும். 112-ல் கவுஜிங் செய்பவருக்கு அது 101, போதவே போதாது. காதுக்குள் செருகும் பிளக்கும் காதை மூடும் மஃப்பும் சேர்த்துப் போட்டாலும் கூடுதலாக 5-தான் கிடைக்கும்.

பிளக்கா மஃப்பா? பஞ்சுப் பிளக்கைச் சுருட்டிச் செருக வேண்டும், வெல்டரின் கை எப்போதும் கரி. மஃப்பின் பட்டை ஹெல்மெட்டின் பட்டையோடு சண்டை போடும், கண்ணாடியின் காம்பு அதன் விளிம்பைத் தூக்கிவிடும். வெல்டருக்குக் கழுத்துக்குப் பின்னால் பட்டை வரும் மஃப், அல்லது கயிறு கோத்த, கழுவக்கூடிய பிளக் என்பது என் தேர்வு. தலைக்கு மேல் வெல்ட் செய்கிறவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பறக்கும் ஸ்பாட்டர் காதுத் துளையில் விழுந்து செவிப்பறையைச் சுட்டுவிடக்கூடும்.

வெல்டர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது: "ஆர்க் சத்தம் கேக்கலன்னா எப்படி ஓட்டுறது?" மிக் ஓட்டுகிறவர் வோல்டேஜ் சரியா என்பதைப் படபடவென்று சீராகப் பொரியும் ஒலியில்தான் அறிகிறார். அதனால் அதிகத் தடுப்பு உள்ளதை வாங்கிக் கொடுத்தால் கழற்றி வைத்துவிடுவார். காதுக்குள் 70-க்குக் கீழே போகாமல், 75-க்கும் 80-க்கும் இடையே நிற்பதை வாங்குங்கள். எல்லா ஒலிகளையும் ஒரே அளவாகக் குறைக்கும் வகைப் பிளக்குகள் உண்டு. அவற்றில் ஆர்க்கின் குணம் மாறாது, அளவு மட்டும் குறையும். கழற்றுவதன் விலை பெரிது: 30 டெசிபல் தடுக்கும் கவசத்தை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றினாலும் கிடைப்பது 12-தான்.

எண்ணிக்கை போடும்போது வெல்டர்களை மட்டும் எண்ணி ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் முதல் முறை அப்படித்தான் கொடுத்தோம். கிரைண்டரைப் பிடிப்பவர் பாதி நேரம் ஹெல்பர்.